பத்தைக் கட்டிப் பழகினால்தான் இடமதிப்பு பிடிபடும்

மூன்றாம் வகுப்பில் 52 − 27 போடச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இரண்டில் ஏழு போகாது, ஏழில் இரண்டு போகும், மிச்சம் 5. ஐந்தில் இரண்டு போனால் மிச்சம் 3. கணக்கு இப்படித்தான் போயிருக்கும். கழிக்கத் தெரியாத பிள்ளைக்கு இதுகூட வராது. ஓரிலக்கக் கழித்தல் அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே வருகிறது. வராதது வேறு: 52 என்பது ஐம்பதும் இரண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. அருகருகே நிற்கும் 5, 2 என்ற இரண்டு தனி எண்களைத்தான் பார்க்கிறது. இதைத் திருத்த மேலும் இருபது கழித்தல் கணக்குக் கொடுத்துப் பயனில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குத் திரும்பிப் போய் இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓர் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்பதுதான் இடமதிப்பு. 52இல் 5க்கு மதிப்பு ஐம்பது. 25இல் அதே 5க்கு மதிப்பு ஐந்து. பெரியவர்களுக்கு இது ஒரு வரியில் முடிகிற விஷயம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படியல்ல. அதுவரை அதற்கு ‘ஒன்று’ என்றால் ஒரு பொருள். ஒரு புளியங்கொட்டை, ஒரு குச்சி. இப்போது பத்துக் குச்சியைச் சேர்த்து ‘ஒரு பத்து’ என்கிறோம். கையில் இருப்பது பத்தா, ஒன்றா? இரண்டும்தான். இந்த இரண்டு பார்வையையும் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்துவதுதான் இடமதிப்பின் அடிப்படை. ‘பத்துகள்’, ‘ஒன்றுகள்’ என்று பலகையில் தலைப்பு எழுதிக் கோடு போடுவது இதற்குப் பிறகு வர வேண்டிய வேலை.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக மத்திய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கத்தின் இலக்குப்படி, ஒன்றாம் வகுப்பு முடிவில் 99 வரையும், இரண்டாம் வகுப்பில் 999 வரையும், மூன்றாம் வகுப்பில் 9999 வரையும் பிள்ளை எண்களைப் படித்து எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியதும் இந்த மூன்று வகுப்புகளுக்காகத்தான். இலக்கு வைப்பது நல்லதுதான். ஆனால் 99 வரை எழுதத் தெரிவதும், 99இல் ஒன்பது பத்துகள் இருக்கின்றன என்று தெரிவதும் வேறு வேறு. முதலாவதைப் பார்த்து எழுதிப் பார்த்து எழுதியே கற்றுவிடலாம்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயிடம் பயின்ற கல்வி ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் காமி கையாண்டது. பிள்ளையின் முன் 16 புளியங்கொட்டைகளை வையுங்கள். எண்ணச் சொல்லுங்கள். ஒரு தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு 6ஐச் சுட்டிக்காட்டி, “இந்த இலக்கத்துக்கு உரிய கொட்டைகளைக் காட்டு” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆறு கொட்டைகளைச் சரியாக நகர்த்திக் காட்டும். அடுத்து 1ஐச் சுட்டிக்காட்டி அதையே கேளுங்கள். ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் காட்டினால், மீதி ஒன்பது கொட்டைகள் எதற்கு என்று பிள்ளையால் சொல்ல முடியாமல் போனால், இடமதிப்பு இன்னும் வரவில்லை. நூறு வரை தடங்கலின்றி ஒப்பிக்கிற பிள்ளையும் இங்கே தடுமாறும்.

குச்சியும் கட்டும்

தேவையானவை மிகக் குறைவு. 25 பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் ஐந்து பேராக ஐந்து குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 100 குச்சி, ரப்பர் பேண்டு 12, ஒரு தட்டு. மொத்தம் 500 குச்சி. தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குகளை 10 செ.மீ. நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளலாம், அடிப்பகுதியைப் பயன்படுத்துங்கள், நுனி மெலிந்து வளைந்துவிடும். ஒடித்த முனை கையில் குத்தும், உப்புத்தாளில் தேய்த்துவிட வேண்டும். ஐஸ்கிரீம் குச்சி கிடைத்தால் இந்த வேலை மிச்சம். மருந்துள்ள தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

புளியங்கொட்டையும் மணியும் எண்ணுவதற்கு நல்லவை, கட்டுவதற்கு அல்ல. பத்துக் கொட்டைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடினால் உள்ளே இருக்கும் பத்தும் கண்ணுக்கு மறைந்துவிடும். பிள்ளைக்கு அது ஒரு பெட்டி மட்டுமே. குச்சிக்கட்டில் பத்தும் வெளியே தெரிகின்றன, அதே நேரம் ஒரு கட்டாகவும் கைக்குள் அடங்குகின்றன. மேலே சொன்ன இரண்டு பார்வைக்கும் குச்சிக்கட்டு ஒன்றே போதும்.

முதல் நாள் எண் எழுதவே வேண்டாம். தட்டிலிருந்து ஒரு கைப்பிடி குச்சி அள்ளி எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். நடுவில் பேச்சுக் கொடுத்தாலோ கை தவறினாலோ எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து. இப்படி இரண்டு முறை நடந்த பிறகு, “பத்துப் பத்தாகக் கட்டி வைத்தால் விட்ட இடத்திலிருந்து எண்ணலாமே” என்று சொன்னால் கட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கட்டுவது பிள்ளையின் கையாலேயே நடக்க வேண்டும். ஆசிரியர் முன்கூட்டியே கட்டிக்கொண்டு வந்து வைத்தால், அதற்குள் பத்து இருக்கிறது என்பதைப் பிள்ளை நம்பித்தான் ஆக வேண்டும். எண்ணிக் கட்டிய பிள்ளைக்கோ அது தெரியும். ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்ற ஆறு வயதுக் கைக்குச் சிரமமாக இருக்கும். ஒருவர் பிடிக்க ஒருவர் சுற்றட்டும். ஒன்பதோ பதினொன்றோ வைத்துக் கட்டிய கட்டுகள் கட்டாயம் வரும், ஆகவே கட்டுகளை மாற்றிக்கொண்டு ஒரு குழுவுடையதை இன்னொரு குழு சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது சொல்வது. மூன்று கட்டும் நான்கு தனிக்குச்சியும் இருந்தால், முதல் சில நாள் “மூன்று பத்து, நான்கு ஒன்று” என்றே சொல்லட்டும். ‘முப்பத்து நான்கு’ பிறகு வரட்டும். இந்தக் கட்டத்தில் “மொத்தம் எத்தனை குச்சி?” என்று கேட்டு, பிள்ளை எண்ணும் விதத்தைக் கவனியுங்கள். ‘ஏழு’ என்றால் கட்டையும் குச்சியையும் ஒன்றாகவே பாவிக்கிறது. கட்டுக்குள் இருப்பதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் கட்டின் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. பத்து, இருபது, முப்பது என்று வந்து, தனிக்குச்சியையும் நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது என்று எண்ணுவது இன்னொரு வகை. இதுதான் அதிகம் வரும். பத்துப் பத்தாகப் போன நாக்கு ஒன்றுக்கு மாறவில்லை, அவ்வளவுதான். கட்டுகளை எண்ணி முடித்ததும் அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்து “முப்பது” என்று ஒரு முறை நிறுத்திச் சொல்லி, பிறகு தனிக்குச்சிக்குப் போகப் பழக்கினால் இது தீரும்.

இடம் மாறி உட்கார்ந்தால்

கட்டத் தெரிந்த பிறகுதான் இட அட்டை. ஒரு ஏ4 தாளின் நடுவே கோடு போட்டு, வலப்பக்கம் ஒன்றுகள், இடப்பக்கம் பத்துகள். ‘கட்டு’, ‘குச்சி’ படத்தையும் மேலே வரைந்துவிடுங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பல வகுப்புகளில் காரியத்தைக் கெடுக்கிறது. ஒரே அட்டையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால், எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்குப் பத்துகள் வலப்பக்கம் தெரியும். அவர்கள் பார்த்து எழுதினால் 34 என்பது 43 ஆகும். பிறகு “இடம் வலம் தெரியாத பிள்ளை” என்று பெயர் வேறு வந்துவிடும். இருவருக்கு ஓர் அட்டை கொடுத்து, இருவரையும் ஒரே பக்கம் உட்கார வையுங்கள். ஆசிரியர் பிள்ளைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார வேண்டியதும் இதனால்தான்.

அட்டையில் வைத்ததைத் தாளில் வரையட்டும்: கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, தனிக்குச்சிக்கு ஒரு புள்ளி. இதற்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். குச்சியிலிருந்து நேரே இலக்கத்துக்குத் தாவினால், குச்சி ஒரு விளையாட்டாகவும் இலக்கம் வேறொரு பாடமாகவும் பிள்ளையின் மனத்தில் தனித்தனியே நின்றுவிடும். கோடும் புள்ளியும் அந்த இரண்டையும் இணைக்கும்.

கேட்பதை எழுதும் பிள்ளைகள்

நூற்று இருபத்தைந்து என்று சொன்னால் 10025, 100205 என்று எழுதும் பிள்ளை உண்டு. சோம்பலோ கவனக்குறைவோ காரணம் அல்ல. நூறு கேட்டது, 100 எழுதியது. இருபத்தைந்து கேட்டது, 25 எழுதியது. காதில் விழுந்த வரிசையில் எழுதுவது நியாயமான முறையும்கூட. பழந்தமிழ் எண்முறை இதே வழியில்தான் இயங்கியது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் இருந்தன. முப்பத்து நான்கை ௩௰௪ என்றும், நூற்று ஐந்தை ௱௫ என்றும் எழுதினார்கள். சொல்லுக்குச் சொல் எழுத்து. அந்த முறையில் பூஜ்யம் தேவைப்படவில்லை. இன்றைய முறை பத்து, நூறு என்ற குறிகளை எழுதாமல் விட்டுவிட்டு இடத்தைக்கொண்டே உணர்த்துகிறது. ஒரு பிள்ளையிடம் நாம் கேட்பது இந்தப் பெரிய மாற்றத்தை.

இதற்கு அடுக்கு அட்டைகள் கைகொடுக்கும். இலக்கம் ஒன்றுக்கு 5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 9 வரை 5 செ.மீ. அட்டை, 10 முதல் 90 வரை 10 செ.மீ. அட்டை, 100 முதல் 900 வரை 15 செ.மீ. அட்டை, எல்லாம் ஒரே உயரம். 100 அட்டையின் மேல் 20 அட்டையை வலது ஓரம் ஒட்டி வைத்து, அதன் மேல் 5 அட்டையை வைத்தால் 125 தெரியும். மேல் அட்டைகளைத் தூக்கினால் அடியில் பூஜ்யங்கள் ஒளிந்திருப்பது தெரியும். 10025 எழுதிய பிள்ளை இதை நான்கைந்து முறை தானே அடுக்கிப் பிரித்தால் எங்கே தவறியது என்று கண்டுகொள்ளும். இலக்கத்தின் அகலம் எல்லா அட்டையிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அட்டைகள் சரியாகப் பொருந்தாமல் பாதி பூஜ்யம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

எண் பெயர்களில் தமிழ் நமக்கு உதவவும் செய்கிறது, ஓரிடத்தில் காலை வாரவும் செய்கிறது. பதின்மூன்று, பதினான்கு என்று பத்து முன்னால் வருவதால், எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒத்துப்போகின்றன. ஆங்கிலத்தில் தர்ட்டீன், ஃபோர்ட்டீன் என்று ஒன்றின் இடம் முதலில் ஒலிப்பதால் அங்கே 13ஐ 31 என்று எழுதும் தவறு அதிகம். ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகளிடமும் அதைப் பார்க்கலாம். தமிழில் சிக்கல் ஒன்பதில். எண்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்று ‘நூறு’ ஒலி வந்துவிடுகிறது, எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரம் என்று ‘ஆயிரம்’ வந்துவிடுகிறது. தொண்ணூறு என்றதும் 100 எழுதும் பிள்ளையை அதட்டாமல், ஒன்பது கட்டுகளை எடுத்துக் கொடுத்து, “ஒன்பது பத்து, அதன் பெயர் தொண்ணூறு” என்று பல முறை சேர்த்துச் சொல்ல வைப்பதே வழி. எழுபதும் எண்பதும் ஒலியில் நெருங்கியிருப்பதால் அவற்றையும் கட்டோடு காட்டிப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பூஜ்யத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். “பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை” என்று மட்டும் சொல்லி வைத்தால், 105இல் ஒன்றுமில்லாததை ஏன் எழுத வேண்டும் என்று பிள்ளை 15 எழுதும். நூறுகளுக்கும் சேர்த்து மூன்று பத்தியுள்ள இட அட்டையில் 125 வைத்து, இரண்டு பத்துக்கட்டுகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். நடுப்பத்தி காலி. “இந்த இடம் காலி என்று எப்படி எழுதிக் காட்டுவாய்?” அந்தக் காலி இடத்தில் 0 அட்டையை வைக்கிறபோது அது இடத்தைப் பிடித்து வைக்கும் வேலை செய்கிறது என்பது கண்ணில் படும்.

நூறை எட்டும் ஆட்டம்

இருவர் ஆடுவது. பகடை இரண்டு, இட அட்டை ஆளுக்கொன்று, குச்சித் தட்டு இருவருக்கும் பொது. நூறு வரை போவதால் ஓர் இணைக்கு 200 குச்சி வரை தேவைப்படும்; குச்சி பற்றாவிட்டால் 50 வரை ஆடலாம். பகடையில் விழுந்த கூட்டுத்தொகை அளவு குச்சி எடுத்து ஒன்றுகள் பக்கம் வைக்க வேண்டும். விதி ஒன்றே: ஒன்றுகள் பக்கம் பத்தோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது. பத்துச் சேர்ந்ததும் கட்டி இடப்பக்கம் நகர்த்த வேண்டும். பத்துக் கட்டு சேர்ந்தால் அவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரு நூறுகட்டு ஆக்குபவர் வென்றார். இரண்டு பகடையின் சராசரி 7 என்பதால் ஏறக்குறைய 15 வீச்சில் முடியும். ஒரே பகடை வைத்தால் சராசரி 3.5, ஆட்டம் இருமடங்கு நீண்டு பாதியில் மணி அடித்துவிடும்.

மறுநாள் இதையே திருப்பி ஆட வேண்டும். நூறு குச்சியோடு தொடங்கி, விழுந்த எண்ணிக்கையைத் தட்டில் திருப்பிப் போட வேண்டும். முதல் வீச்சிலேயே சிக்கல்: 8 விழுந்தால் கொடுக்கத் தனிக்குச்சி இல்லை. நூறுகட்டைப் பிரிக்க வேண்டும், அதில் ஒரு பத்துக்கட்டையும் பிரிக்க வேண்டும். கழித்தலில் வரும் இனமாற்றம், அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது, இதுவேதான். முன்னோக்கிய ஆட்டத்தை மட்டும் ஆடிவிட்டுத் திருப்பி ஆடாமல் விடுகிற வகுப்புகளில், கூட்டல் வரும், கழித்தல் வராது. அவிழ்க்கிற பழக்கம் இல்லாததே காரணம்.

இப்போது 52 − 27ஐ மறுபடி எடுங்கள். ஐந்து கட்டு, இரண்டு குச்சி. ஏழு குச்சி கொடுக்க வேண்டும், இருப்பது இரண்டு. ஒரு கட்டை அவிழ்த்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழு போக ஐந்து. இரண்டு கட்டு போக இரண்டு. 25. இதைக் கையால் செய்யும்போதே பக்கத்தில் 5ஐ அடித்து 4 என்றும், 2ஐ 12 என்றும் எழுதட்டும். கை ஒரு படி, எழுத்து ஒரு படி. முழுக் கணக்கையும் குச்சியில் முடித்துவிட்டுக் கடைசியில் எழுதினால் இரண்டுக்கும் தொடர்பு விட்டுப்போகும். ‘கடன் வாங்குவது’ என்று வழக்கமாகச் சொல்வதைக் கூடிய மட்டும் தவிர்க்கலாம். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும்; இங்கே திருப்பித் தருவது எதுவுமில்லை. ‘ஒரு பத்தை அவிழ்க்கிறோம்’ என்றால் நடப்பதை அப்படியே சொல்கிறோம். கூட்டலில் இதற்கு இணையான தவறு 38 + 24 = 512. ஐந்து கட்டும் பன்னிரண்டு குச்சியும் சரியாகவே வந்திருக்கின்றன. ஒன்றுகள் பக்கம் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஆட்டவிதி மட்டும் மறந்துபோயிருக்கிறது.

கருவிகளுக்கு ஒரு வரிசை

கடையில் கிடைக்கும் பத்தடிமானக் கட்டைகள் (ஒன்றுக்குச் சிறு கட்டை, பத்துக்கு நீளக் கட்டை), பத்து ரூபாய்த் தாள், மணிச்சட்டம் எல்லாமே இடமதிப்புக்கு உதவுவன. ஆனால் எதை முதலில் எடுப்பது என்பது முக்கியம். குச்சிக்கட்டைப் பிள்ளை தானே கட்டும், தானே அவிழ்க்கும். பத்தடிமானக் கட்டையில் பத்துப் பிரிவுகள் தெரியும், ஆனால் அதை உடைக்க முடியாது. ஒரு நீளக் கட்டையைக் கொடுத்துப் பத்துச் சிறு கட்டை வாங்க வேண்டும். பத்து ரூபாய்த் தாளில் பத்து என்ற எண் மட்டும்தான் இருக்கிறது, பத்துப் பொருள் எதுவும் இல்லை. மணிச்சட்டத்தில் அதுவும் இல்லை: பத்தைக் குறிக்கும் மணியும் ஒன்றைக் குறிக்கும் மணியும் ஒரே அளவு, ஒரே வடிவம், எந்தக் கம்பியில் கோத்திருக்கிறது என்பதே மதிப்பைச் சொல்கிறது. அதாவது இலக்கத்துக்கு இருக்கிற அதே கடினம் மணிச்சட்டத்திலும் இருக்கிறது. அலமாரியில் தயாராக இருக்கிறதே என்று முதல் நாளே அதை எடுத்தால், 34ஐக் காட்டினாலும் இந்தக் கம்பியில் மூன்று, அந்தக் கம்பியில் நான்கு என்று மணிகளை எண்ணி ‘ஏழு’ என்பார்கள். குச்சி, கட்டை, பணம், மணிச்சட்டம் என்ற வரிசையில் போவது நல்லது. கட்டை இல்லாத பள்ளி குச்சியிலிருந்து நேரே பணத்துக்குப் போகலாம், பெரிய இழப்பில்லை.

ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் உட்காரும் பள்ளிகளில் இதே குச்சிகள் எல்லோருக்கும் போதும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகள் உட்கார்கிறார்கள். ஒரு குழு பத்து வரை எண்ணிக் கட்டட்டும், ஒரு குழு நூறை எட்டும் ஆட்டம் ஆடட்டும், இன்னொன்று அவிழ்த்துக் கழிக்கட்டும். வகுப்பு எதுவானாலும் 16 கொட்டைச் சோதனையில் தவறும் பிள்ளை கட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்பதற்காக நேரே கழித்தலுக்குப் போகக் கூடாது.

குச்சியை எப்போது நிறுத்துவது

தேர்வில் “347இல் 4இன் இடமதிப்பு என்ன?” என்று கேட்பார்கள். இடமதிப்பு 40, முகமதிப்பு (இடத்தைப் பாராமல் இலக்கத்துக்கு உள்ள மதிப்பு) 4 என்பது மனப்பாடமாகவே வந்துவிடும் விடை, ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். குச்சி இல்லாமல் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். 26உடன் 10 சேர்த்தால் எவ்வளவு? விரல் விட்டு எண்ணாமல் 36 வர வேண்டும். ஏழு பத்தும் பதினைந்து ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? 715 என்று எழுதினால் மீண்டும் இட அட்டைக்குப் போக வேண்டும்; விடை 85. 347 குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் எத்தனை கட்டு வரும்? பெரும்பாலும் ‘நான்கு’ என்பார்கள். நூறுகளுக்குள் இருக்கும் முப்பது பத்துகளையும் சேர்த்து 34 கட்டு, மிச்சம் 7 என்று சொல்லும் பிள்ளைக்கு இனிக் குச்சி தேவையில்லை. ‘நான்கு’ என்று சொன்ன பிள்ளைக்கு மூன்று நூறுகட்டுகளைக் கொடுத்து, வெளி ரப்பர் பேண்டை மட்டும் கழற்றி, உள்ளே இருக்கும் பத்துக்கட்டுகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.